கடை முகப்புக்குப் பொதுப்பணம்: உள்ளே இருக்கும் வியாபாரிக்கு என்ன உத்தரவாதம்?

தெருவிளக்கு (இழையைத் தொடங்கியவர்)

பழைய நகர மையங்களில் கடை முகப்புகளைச் சீரமைக்க அரசு மானியம் கொடுக்கும் திட்டங்களைப் பற்றிப் பேசலாம் என்று இந்த இழை. செலவில் ஒரு பங்கை நகர நிர்வாகம் ஏற்கும், மீதி உரிமையாளரோ கடைக்காரரோ போட வேண்டும். விகிதம் ஊருக்கு ஊர் மாறும்.

நான் இதை ஆதரிக்கிறேன். ஒரு தெருவில் வரிசையாகக் கடைகள் பூட்டிக் கிடந்தால், நடுவில் திறந்திருக்கும் ஒரே கடைக்காரர் என்னதான் உழைத்தாலும் கூட்டம் வராது. ஒருவர் தன் முகப்பைச் சரிசெய்தால் பலனில் பாதி பக்கத்துக் கடைக்குப் போகிறது. அதனாலேயே யாரும் முதலில் கை வைப்பதில்லை. எல்லாரும் அடுத்தவர் தொடங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை உடைப்பது பொதுப்பணத்தின் நியாயமான வேலைதான்.

ஆனால் பணம் யார் கையில் போகிறது, என்ன நிபந்தனையில் போகிறது என்பதில் பல திட்டங்கள் கோட்டை விட்டுவிடுகின்றன. கண்ணாடி புதிது, கதவு புதிது, பெயர்ப்பலகை புதிது. அடுத்த வாடகைப் புதுப்பிப்பு வந்ததும், அத்தனை வருடம் அங்கே கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் வெளியே. தெருவுக்கு உயிர் கொடுத்தவரையே வெளியே அனுப்ப நாம் பணம் கொடுத்தோம் என்றாகிவிடுகிறது. முகப்பு மானியம் என்றால் அதோடு வாடகைப் பாதுகாப்பும் சேர்ந்தே வர வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கருத்து?

பேரேடு

எனக்கு அடிப்படையிலேயே உடன்பாடில்லை. நடைபாதை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, கழிப்பறை: இவை பொதுச்சொத்து, வரிப்பணம் அங்கே போகட்டும். தனியார் சுவருக்கு ஏன்? நாளைக்கே அவர் கட்டடத்தை நல்ல விலைக்கு விற்றுவிட்டால் அந்த ஏற்றத்தில் ஊருக்கு என்ன பங்கு? பல வருடம் ஒரு சுண்ணாம்பு கூட அடிக்காமல் பாழாக விட்டவருக்குப் பரிசு, ஒழுங்காகப் பராமரித்தவருக்கு ஒன்றுமில்லை. இது எந்த ஊர் நியாயம்?

வரைபடம்

பேரேடு, உங்கள் கடைசிக் கேள்வி சரியான கேள்வி. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும்.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெடுஞ்சாலை ஓரம் பெரிய அங்காடிகள் வந்து நகர மையங்கள் காலியாயின. 1977இல் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை மூன்று சிறுநகரங்களைச் சோதனைக்கு எடுத்தது: இல்லினாயின் கேல்ஸ்பர்க், இண்டியானாவின் மேடிசன், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ். அங்கே கற்ற பாடத்தை வைத்து 1980இல் மெயின் ஸ்ட்ரீட் (ஊரின் முக்கியக் கடைத்தெரு) மையம் தொடங்கினார்கள். அவர்கள் முகப்பை மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை. அமைப்பு, விளம்பரம், வடிவமைப்பு, பொருளாதாரம் என்று நான்கையும் சேர்த்தே நடத்தினார்கள். தெருவுக்கென்று ஒரு முழுநேர மேலாளர் இருந்தார். காலியிடம் எது, யார் கடை வைக்கத் தயார், எந்தக் கிழமையில் கூட்டம் இல்லை என்று அவருக்குத் தெரியும். பின்னால் வந்த பல நகரங்கள் அந்த நான்கில் கண்ணுக்குத் தெரியும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டன. ‘முன்பு, பின்பு’ என்று இரண்டு படம் போட முகப்பு வசதியாக இருக்கிறது.

இன்னொரு காரணம், பணத்தின் விதி. அங்கே இந்த மானியங்களில் கணிசமானவை 1974 சட்டத்தால் வந்த சமூக மேம்பாட்டு நிதித் தொகுப்பிலிருந்து வருகின்றன. அதன் புனரமைப்புப் பிரிவில், லாப நோக்குள்ள தனியார் வணிகத்தின் கட்டடம் என்றால் வெளிப்புற வேலை, கட்டட விதிமீறலைச் சரிசெய்தல், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), ஈயப் பெயின்ட் போன்ற அபாயங்களை நீக்குதல், இவ்வளவுக்குத்தான் அனுமதி. கடைக்காரருக்கு உள்ளே தரை பெயர்ந்து கிடந்தாலும் அந்தப் பணத்தில் தொட முடியாது. வெளியே தெரிவது பொதுநலன், உள்ளே இருப்பது தனிநலன் என்று கோடு போட்டிருக்கிறார்கள். பேரேடு கேட்கும் கேள்விக்கு அந்தச் சட்டம் கொடுத்த பதில் இது. எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் கண்மூடித்தனமாகக் கொடுக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

சாந்துக்கரண்டி

பழைய செங்கல் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் கொள்கை பேசுங்கள். மானியத்தில் நடக்கும் கெட்ட வேலையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதை அடுத்த தலைமுறை திருத்தவே முடியாது.

முதல் குற்றம் மணல் பீச்சிச் சுத்தம் செய்வது. பழைய செங்கலைச் சூளையில் சுட்டபோது மேலே ஒரு கெட்டித் தோல் உருவாகியிருக்கும், உள்ளே மெத்தென்று இருக்கும். மணலைப் பீச்சினால் பெயின்டோடு அந்தத் தோலும் போய்விடும். அன்றைக்கு பளிச்சென்று சிவப்பாக இருக்கும், படமும் எடுத்துவிடுவார்கள். பிறகு செங்கல் மழைநீரைக் குடிக்கத் தொடங்கும். குளிர்நாடாக இருந்தால் அந்த நீர் உறைந்து விரிந்து, செங்கலின் முகம் செதில் செதிலாக உதிரும். வரலாற்றுக் கட்டடங்களுக்காக அமெரிக்க உள்துறை வைத்திருக்கும் 10 புனரமைப்பு விதிகளில் ஒன்று இதை வெளிப்படையாகவே தடுக்கிறது. ஆனாலும் குறைந்த விலைக் கொட்டேஷனில் இது நுழைந்துவிடும்.

இரண்டாவது சிமென்ட். பழைய சுவரின் இணைப்புகளில் இருந்தது சுண்ணாம்புச் சாந்து. சாந்து எப்போதும் செங்கலைவிட இளகலாக இருக்க வேண்டும். சுவர் அசையும்போது, ஈரம் வெளியேறும்போது, தேய்வது சாந்தாக இருந்தால் பிறகு சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம். சிமென்டை அடைத்துவிட்டால் சாந்து நிற்கும், செங்கல் உடையும். அப்படி ஒரு சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: இணைப்புக் கோடுகள் மட்டும் வலைபோல் முன்னால் துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் செங்கற்கள் குழிவிழுந்து போயிருக்கும்.

மூன்றாவது, கூரை ஒழுகும்போது முகப்புக்கு வண்ணம் அடிப்பது. மேல்விளிம்பிலும் வடிகுழாயிலும் ஓட்டை இருந்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கி முகப்பின் மர உத்தரத்தைத்தான் முதலில் அரிக்கும். இதைச் சரிசெய்யாமல் கொடுக்கும் எந்த மானியமும் வீண். மேலிருந்து கீழே வாருங்கள்: முதலில் தண்ணீர், பிறகு தாங்கும் அமைப்பு, கடைசியில் கண்ணாடியும் வண்ணமும்.

வாடகைக்கடை

நான் வாடகைக்கு இருந்து கடை நடத்துகிறவள். யாரும் இன்னும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த மானியம் முன்பணமாக வருவதில்லை. வேலையை முடித்து, காண்ட்ராக்டருக்கு முழுத்தொகை கொடுத்து, ரசீதும் படமும் சமர்ப்பித்து, ஆய்வாளர் வந்து பார்த்த பிறகுதான் பங்குத்தொகை கைக்கு வரும். கையில் அவ்வளவு பணம் புரட்ட முடிகிறவருக்கு மானியமே தேவையில்லை. புரட்ட முடியாதவருக்கு மானியம் எட்டவே எட்டாது.

அரசுப் பணம் என்பதால் கூலி விதி வேறு. வரைபடம் சொன்ன அதே நிதியில் கட்டுமான ஒப்பந்தம் 2,000 டாலரைத் தாண்டினாலே அந்தப் பகுதிக்கு அறிவித்த கூலியைக் கொடுத்து, வாராவாரம் சம்பளப் பட்டியலும் காட்ட வேண்டும். தொழிலாளிக்கு நியாயமான கூலி போவதில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டு பேரை வைத்து வேலை செய்யும் சின்ன காண்ட்ராக்டர் அந்தத் தாள்களைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுகிறார். பெரிய நிறுவனங்கள் மட்டும் விலை சொல்கின்றன. மானியத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

இதையெல்லாம் தாண்டி வேலையை முடித்தால், அழகான கடைக்கு அழகான வாடகை என்று உரிமையாளர் சொல்வார். விண்ணப்பம் எழுதியது நான், தூசியில் வியாபாரம் இழந்தது நான், என் பங்கைப் போட்டது நான். சுவர் அவருடையது.

தெருவிளக்கு

> சுவர் அவருடையது.

இந்த வரிக்காகத்தான் இழையையே தொடங்கினேன் அக்கா.

சான் பிரான்சிஸ்கோவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2015 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த ஒரு தீர்மானத்தின்படி, 30 வருடம் அல்லது அதற்கு மேல் நடக்கும் பாரம்பரிய வணிகங்களுக்கென்று தனி நிதி அமைத்தார்கள். வணிகருக்கு ஒரு மானியம். அதோடு, அப்படிப்பட்ட வணிகருக்குக் குறைந்தது 10 வருடக் குத்தகை எழுதிக்கொடுக்கும் கட்டட உரிமையாளருக்கும் சதுர அடிக் கணக்கில் ஒரு மானியம். உரிமையாளரை வில்லனாக்காமல், நீண்ட குத்தகை கொடுப்பது அவருக்கே லாபம் என்று ஆக்கினார்கள். முகப்பு மானியத்தை இந்த ஏற்பாட்டோடு கோர்த்துவிட்டால் போதும்: குத்தகை நகலை விண்ணப்பத்தோடு இணைக்காதவருக்கு மானியம் இல்லை.

கிழக்குக்கரை

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ் டவுனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அங்கே 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளில் இருந்தவர்களைக் காத்துவந்தது. அதன் பாதுகாப்பு 2000 ஜனவரி 1 முதல் நீங்கியது. கீழே தொழில், மேலே குடும்பம் என்று தலைமுறையாக இருந்த பலர் வெளியேறினார்கள். 2008இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. அடுத்த வருடம் நகரப் புத்துயிர்ப்புக்கான திங்க் சிட்டி அமைப்பு வந்து மானியம் கொடுத்தது. பல கட்டடங்கள் இடிந்து விழாமல் பிழைத்ததற்கு அந்த மானியங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் வாடகைப் பாதுகாப்பு போயிற்று, பிறகு புகழ் வந்தது, பிறகு பணம் வந்தது. பணம் வந்தபோது காக்க வேண்டியவர்களில் பலர் அங்கே இல்லை. தெருவிளக்கு சொல்வது வெறும் அச்சம் அல்ல.

பேரேடு

சரி, குத்தகை நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. என் கேள்வி இன்னும் நிற்கிறது. விற்றுவிட்டால்?

வரைபடம்

அதற்கு வழி இருக்கிறது. மானியத்தை ‘மன்னிக்கப்படும் கடன்’ ஆகக் கொடுப்பார்கள். பத்திரத்தில் பதிந்துவைத்து, வருடத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வருவார்கள். காலம் முடிவதற்குள் விற்றால் மீதித்தொகை நகரத்துக்குத் திரும்ப வரும். பராமரிப்பு ஒப்பந்தமும் அதிலேயே இருக்கும்: பெயின்ட் உரிந்தால், கண்ணாடி உடைந்தால், மானியம் வாங்கியவர் பொறுப்பு. இந்தக் கடப்பாடு கட்டடத்தோடு ஓட வேண்டும், ஆளோடு ஓடக்கூடாது. ஒழுங்காகப் பராமரித்தவருக்கு ஒன்றுமில்லையே என்றீர்கள். அதற்கு என் பதில், புதுமுகப்புக்கு மட்டும் கொடுக்காமல் சின்னப் பழுதுகளுக்கும் ஒரு சிறுதொகைப் பிரிவு வைப்பது. ஜன்னல் சட்டத்துக்கு மக்கு வைத்துப் பெயின்ட் அடிக்க, ஒழுகும் வடிகுழாயை மாற்ற. கொஞ்சப் பணம், குறைந்த தாள், நிறையப் பேர்.

வரிச்சலுகை இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வரலாற்றுக் கட்டடப் புனரமைப்புச் செலவில் 20 சதவீதத்தைக் கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். ஆனால் செலவு, கட்டடத்தின் சரிக்கட்டிய அடக்கவிலை (வாங்கிய விலையில் நிலத்தின் மதிப்பையும் தேய்மானத்தையும் கழித்து, செய்த மேம்பாட்டைக் கூட்டியது) அல்லது 5,000 டாலர், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்ட வேண்டும். முழுக் கட்டடத்தையும் மாற்றுகிற பெரிய முதலீட்டாளர் தாண்டுவார். முகப்பை மட்டும் சரிசெய்ய நினைக்கும் சின்னக் கடை எங்கே தாண்டும்? அந்த இடைவெளியில்தான் நகர மானியம் நிற்கிறது.

நீலக்கண்ணாடி

நான் வேறொரு கோணத்தில் வருகிறேன். முகப்பை ‘பழைய நிலைக்கு’க் கொண்டுவருவோம் என்கிறார்களே, எந்தப் பழைய நிலை?

கடை முகப்புக்கு அரசு கைகொடுப்பது 1970களில் பிறந்த யோசனை அல்ல. பெருமந்தக் காலத்தில், 1934 வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ், கட்டடங்களை நவீனமாக்க வாங்கும் கடனுக்கு அமெரிக்க அரசு காப்புறுதி கொடுத்தது. அடுத்த வருடம் லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு கண்ணாடி நிறுவனம் கடைத்தெருவை நவீனமாக்கும் வடிவமைப்புப் போட்டியே நடத்தியது. மளிகை, மருந்து, துணி, வாகனம் என நான்கு வகைக் கடைகளுக்கு. கட்டடத் தொழிலாளிக்கு வேலை, வங்கிக்குக் கடன், கண்ணாடிக்குச் சந்தை. அப்போது 19ஆம் நூற்றாண்டின் வார்ப்பிரும்புத் தூண்களும் மர வேலைப்பாடும் ‘அசிங்கம்’. அவற்றைக் கழற்றியோ மூடியோ வழவழப்பான வண்ணக் கண்ணாடிப் பலகைகளை ஒட்டினார்கள். விட்ரோலைட், கராரா என்று பெயர். கறுப்பு, பால்வெள்ளை, இளம்பச்சை.

அந்தக் கண்ணாடி முகப்புகளுக்கே இப்போது வயது 80ஐத் தாண்டிவிட்டது. 1980களில் வந்த மானியத் திட்டங்கள் சில இடங்களில் அதை ‘பிற்காலக் குப்பை’ என்று பெயர்த்துப் போட்டுவிட்டு, அடியில் இருந்திருக்கக்கூடும் என்று கற்பனை செய்த மர முகப்பைக் கட்டின. ஒரு காலத்தின் பொதுப்பணம் ஒட்டியதை இன்னொரு காலத்தின் பொதுப்பணம் உடைத்தது. எனக்கு நெஞ்சு பொறுக்காத விஷயம் இது.

சாந்துக்கரண்டி

நீலக்கண்ணாடி சொல்வதில் நூற்றுக்கு நூறு உடன்பாடு. பின்னால் வந்த மாற்றத்துக்கும் காலப்போக்கில் தனி மதிப்பு வந்திருந்தால் அதைக் காக்க வேண்டும் என்று அந்த 10 விதிகளிலேயே இருக்கிறது. வண்ணக் கண்ணாடிப் பலகையை அமெரிக்காவில் விட்ரோலைட் ஆலை 1947இல் நிறுத்திவிட்டது. உடைந்தால் வேறு பழைய கட்டடத்திலிருந்து கழற்றியதைத் தேடித்தான் வைக்க வேண்டும். தார்ப்பசைத் திட்டுகளால் சுவரில் ஒட்டியிருப்பார்கள். இணைப்பு வழியாக நீர் புகுந்து பசை பிடிப்பு விட்டதும் பலகை தொங்கும். விழுவதற்கு முன் நிதானமாகக் கழற்றி, முதுகைச் சுத்தம் செய்து, அதே இடத்தில் திரும்ப ஒட்ட முடியும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

1950, 60களில் வந்த அலுமினியத் தகடு வேறு கதை. முகப்பு முழுவதையும் சட்டையாக மூடிவிடுவார்கள். பெரும்பாலானவை வெறும் மறைப்பு. சில நல்ல வடிவமைப்பாகவும் இருக்கும், பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கழற்றினால் உள்ளே பழைய ஜன்னல்களும் மேல்விளிம்பும் பெரும்பாலும் இருக்கும், ஆனால் தகட்டைத் தாங்கும் சட்டகம் பொருத்தத் தடையாக இருந்த துருத்தல்களை எல்லாம் உளியால் தட்டி எடுத்திருப்பார்கள்.

காட்சிக் கண்ணாடிக்கு மேலே பலகை அடித்து மறைத்த பட்டை இருக்கிறதே, அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அங்கே 1890களின் கடைசியிலிருந்து வந்த முப்பட்டைக் கண்ணாடிச் சில்லுகள் இருக்கலாம். தெருவில் விழும் வெளிச்சத்தை மடக்கிக் கடையின் பின்சுவர்வரை அனுப்ப வைத்தது. மின்விளக்கு மலிவானதும் மூடிவிட்டார்கள். திறந்து துடைத்தால் கடை பகலில் விளக்கில்லாமலே நடக்கும். மானியத்தில் செய்யக்கூடிய வேலைகளில் வியாபாரிக்கு நேரடியாகப் பயன்படுவது இதுபோல் எதுவும் இல்லை என்பேன்.

வாடகைக்கடை

இதை யாரும் எங்களிடம் சொன்னதே இல்லை!

வரைபடம்

மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்த அனுபவத்தில் ஒன்று சேர்க்கிறேன். தெரு முழுக்க ஒரே வண்ணம், ஒரே எழுத்துரு, ஒரே மாதிரி துணிக்கூரை என்று கேட்கும் நிர்வாகங்கள் உண்டு. தெருவின் அடையாளம் என்பார்கள். பழைய கடைத்தெரு எப்போதும் அப்படி இருந்ததில்லை. ஒவ்வொரு கடைக்காரரும் அடுத்தவரைவிடத் தன் கடை தெரிய வேண்டும் என்று போட்டி போட்டுக் கட்டியதுதான் அந்தத் தெரு. ஒரே சீரானது கட்டட வரிசையும் உயரமும். பலகையும் வண்ணமும் அல்ல. வழிகாட்டு நெறி எழுதுபவர்கள், எதை மறைக்கக்கூடாது என்று மட்டும் எழுதினால் போதும்: கதவுக்கு மேலுள்ள கண்ணாடியை, தூண்களை, மேல்விளிம்பை. உள்வாங்கிய வாசலை முன்னால் இழுத்து இடத்தை விழுங்கக்கூடாது. அந்த உள்வாங்கல் மழைக்கு ஒதுங்க இடம், கதவு நடைபாதையில் போகிறவர் மேல் திறக்காமல் இருக்க வழி, இரண்டு பக்கமும் கூடுதல் காட்சிக் கண்ணாடி. சக்கர நாற்காலிக்குப் படியை எடுத்துச் சரிவு போடவும் அங்கேதான் இடம் கிடைக்கும்.

இரும்பு ஷட்டரையும் சொல்லவேண்டும். வெளியே முழுத்தகடு இறங்கினால் இரவில் தெரு சிறைச்சாலை வராந்தா ஆகிவிடும். கண்ணாடிக்கு உள்பக்கம் கம்பிவலை ஷட்டர் போட்டு ஒரு விளக்கை எரியவிட்டால் பாதுகாப்பும் உண்டு, தெருவும் உயிரோடு இருக்கும். இதற்கு மானியத்தில் இடம் கொடுக்க வேண்டும்.

கிழக்குக்கரை

மேல்மாடியை மறந்துவிட்டோம். இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைக் காக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து 2020 முதல் 2024 வரை 60க்கும் மேற்பட்ட கடைத்தெருக்களில் நடத்திய திட்டத்துக்குச் சுமார் 9.5 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். கடை முகப்போடு, காலியாகக் கிடந்த மேல்மாடிகளை வீடாக்குவதும் அதில் இருந்தது. மேலே ஆள் குடியிருந்தால் கூரை ஒழுகுவதைக் கவனிக்க ஆள் இருக்கும், இரவில் ஜன்னலில் வெளிச்சம் இருக்கும், கீழ்க்கடைக்கு வாடிக்கையாளரும் கிடைப்பார். கீழ்த்தளத்து வாடகை ஒன்றையே உரிமையாளர் நம்பியிருக்கும்வரை அதை ஏற்றத்தான் பார்ப்பார்.

பேரேடு

பத்திரப் பதிவு, குத்தகை நகல், சிறுதொகைப் பிரிவு, இந்த மூன்றும் இருந்தால் என் வரிப்பணம் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்: காலியாகப் பூட்டிவைத்து விலை ஏறக் காத்திருப்பவருக்கு ஒரு காசும் கூடாது. கடையைத் திறந்தால்தான் பணம்.

தெருவிளக்கு

முழு உடன்பாடு. முன்பணம் இல்லாத பிரச்சினைக்கும் ஒன்று எழுதிச் சேர்ப்போம்: வேலையின் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நகரமே காண்ட்ராக்டருக்கு நேரடியாகத் தன் பங்கைக் கொடுக்கட்டும். கடைக்காரர் தன் பங்கை மட்டும் புரட்டினால் போதும். இரண்டு பேர் பெயரிலும் காசோலை எழுதும் முறையும் இருக்கிறது. கணக்கும் சுத்தமாக இருக்கும்.

புதியவன்

இப்போதுதான் முழு இழையையும் படித்தேன். நான் வாடகைக்கு இருக்கும் கட்டடம் முழுக்க அலுமினியத் தகடு. உரிமையாளர் விண்ணப்பிக்கச் சம்மதித்திருக்கிறார். முதலில் என்ன செய்யட்டும்?

சாந்துக்கரண்டி

மதிப்பீடு வாங்குவதற்கு முன் ஒரு மூலையில் ஒரே ஒரு தகட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள் தம்பி. உரிமையாளரின் எழுத்து அனுமதியோடு, நகர அலுவலகத்திடம் சொல்லிவிட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போடும் மதிப்பீடு வெறும் ஊகம். பிறகு செலவு ஏறும், மானியத்தொகை ஏறாது. திருகாணி போன இடம், செங்கல் உடைந்த இடம், ஈரம் படிந்த இடம் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். அதே பகுதியின் பழைய புகைப்படம் நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ கிடைக்கிறதா என்று தேடுங்கள். குழு முன்னால் அது பெரிய பலம். ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்முன் அசல் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள், முன்கூட்டித் தொடங்கிய வேலைக்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள்.

வாடகைக்கடை

அதோடு, குத்தகையை நீட்டி எழுதி வாங்கிய பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள். வாடகை எத்தனை வருடத்துக்கு எவ்வளவுக்கு மேல் ஏறாது என்பது அதில் எண்ணாகவே இருக்கட்டும். உரிமையாளருக்கு உங்கள் தேவை இருக்கும் நேரம் இப்போதுதான்.